பதினான்கு குடும்பங்களும் ஒரு படிக்கட்டும்: தண்டையார்பேட்டைக் குடியிருப்பு ஒன்றின் நிலநடுக்க ஆயத்தம்

2025 மார்ச் 28 அன்று மியான்மரின் மாண்டலே நகருக்கு அருகே 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டி முடிக்கப்படாத உயர்மாடிக் கட்டடம் ஒன்று சில நொடிகளில் புழுதியாகச் சரிந்த காட்சியைத் தண்டையார்பேட்டைப் பெண்கள் பலரும் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். அடுத்த வாரம் மகளிர் குழுவின் தவணை வசூலுக்காக ஒரு வீட்டில் கூடியபோது, பேச்சு வட்டிக் கணக்கிலிருந்து விலகி அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறது. நாம் இருக்கிற கட்டடம் தாங்குமா என்று ஒருவர் கேட்க, பதில் சொல்ல ஆளில்லாமல், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கட்டடப் பொறியாளன் என்ற ஒரே தகுதியால் என்னை அழைத்தார்கள். அந்த அழைப்புக்குப் பின் ஆறு மாத காலம் அங்கே பார்த்ததும், செய்ததும், செய்ய முடியாமற்போனதும் இந்த ஆய்வின் பொருள். குடியிருப்போர் கேட்டுக்கொண்டபடி கட்டடத்தின் அடையாளத்தையும் ஆட்களின் பெயர்களையும் விலக்கியிருக்கிறேன்.

கட்டடம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்பக்கம் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும் கொண்டது. பதினான்கு வாடகைக் குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு. முதலில் நான் கையில் எடுத்துப்போனது, ஒவ்வொரு குடும்பமும் என்னென்ன செய்துகொள்ள வேண்டும் என்ற வழக்கமான பட்டியல். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளுங்கள், திறந்தவெளிக்குப் போங்கள் என்று தொடங்கும் அந்தப் பட்டியல், மேசையும் திறந்தவெளியும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது என்பது இரண்டாம் வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே ஆயத்தத்தின் அலகு வீடு அன்று, படிக்கட்டு. ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் ஒன்றாக ஆயத்தமானால் உண்டு, இல்லையேல் யாரும் ஆயத்தமாகவில்லை என்ற முடிவுக்கு வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

நிலம்

சென்னையில் நிலநடுக்கமா என்று சிரிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு 2002இல் திருத்தப்பட்டபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது; எண் கூடக் கூட ஆபத்தும் கூடுதல். அந்தத் தொகுப்பின்படி இரண்டாம் மண்டலத்தின் காரணி 0.10, மூன்றாம் மண்டலத்தின் காரணி 0.16, அதாவது அதே கட்டடம், அதே இடத்தில், முன்பு எண்ணியதைவிட அறுபது விழுக்காடு கூடுதல் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். இந்தக் கட்டடம் எண்பதுகளின் இறுதியில் தொடங்கி மாடி மாடியாக ஏற்றப்பட்டது. அந்தக் கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. கணக்கே போடப்பட்டிருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

மண்டல எண் ஒரு முன்னறிவிப்பு அன்று. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் நிலம் நடுங்கி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கல்லும் மண்ணுமான சுவர்களுக்கு அடியில் மாண்டபோது, அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தின் மிகப் பாதுகாப்பான முதல் மண்டலத்தில் இருந்தது. தமிழ்நாட்டுக்கு உள்ளேயே, 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் நடுக்கம் ஏற்பட்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்பு புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடலடியில் சுமார் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தைச் சென்னை முழுவதும் உணர்ந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஆயாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "ஸ்டவ் மேல இருந்த கொழம்புச் சட்டி தானா நவுந்துச்சுப்பா, நான் பேய்னு நெனச்சேன்" என்றார். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தின்போது அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்ததை இளையவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

வடசென்னைக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு: அடியில் இருக்கும் மண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பாறை அதிக ஆழத்தில் இல்லை. வடக்கே கடற்கரையை ஒட்டி மணலும் வண்டலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, நிலத்தடி நீரும் பல இடங்களில் சில அடிகளிலேயே தட்டுப்படுகிறது. இத்தகைய மென்மண், தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகளைப் பெருக்கிக்காட்டும். பாங்காக்கில் நடந்ததில் அந்த நகரின் களிமண்ணுக்கும் பங்கு உண்டு. நீர் ஊறிய தளர்ந்த மணலோ, குலுக்கல் வலுவாகவும் நீண்டும் இருந்தால், தன் பிடிப்பை இழந்து குழம்புபோல் நடந்துகொள்ளும். இதைக் குழுவின் பெண்களுக்கு விளக்க நான் படம் வரைந்துகொண்டிருக்கையில், காசிமேட்டில் வளர்ந்த ஒருவர் குறுக்கிட்டு, அலை போன ஈரமணலில் ஒரே இடத்தில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருந்தால் கால் புதையுமே அதுதானே என்றார். அதேதான். அதன்பின் அந்தப் படத்துக்கு வேலை இருக்கவில்லை.

கட்டடம்

தரைத்தளம் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்களின்மேல் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு உரிமையாளர், சந்துப் பக்கம் பார்த்த முன்பக்கச் சுவரில் பெரும்பகுதியை இடித்து, இரண்டு இரும்பு விட்டங்களைக் கொடுத்து, ஒரு பக்கம் இருசக்கர வாகனப் பட்டறைக்கும் மறுபக்கம் வண்டி நிறுத்தவும் விட்டிருக்கிறார். மேலே மூன்று மாடிகளிலும் சுவர்கள் நிறைய. கீழே முன்பக்கம் வெறுமை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல சரிந்ததற்குத் தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் தூண்கள் மட்டுமாக விட்டிருந்ததே பெருங்காரணம். நேராக அழுத்தும் எடையைத் தூணும் விட்டமும் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்குவது சுவர். சுவரை எடுத்த இடத்தில் ஒன்றும் நேராமல் கட்டடம் பல்லாண்டு நிற்கும், அதனால்தான் அந்த இடிப்பு ஆபத்தாக யாருக்கும் தோன்றுவதில்லை.

மொட்டைமாடியில், படிக்கட்டு முடியும் சிற்றறையின் கூரைமேல், செங்கல் தூண்களை எழுப்பி ஆயிரம் லிட்டர்த் தொட்டிகள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நீர் மட்டும் ஒரு டன். நான்கு தூண்களில் ஒன்றில் சிமெண்டுக் கலவை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அந்தத் தொட்டிகள் விழுந்தால் விழும் இடம் படிக்கட்டு. சந்துப் பக்கக் கைப்பிடிச்சுவர் நாலரை அங்குலம். அதன்மேல் வரிசையாகத் துளசியும் கற்றாழையும் வைத்த சிமெண்டுத் தொட்டிகள். எட்டடிச் சந்தின் எதிர்ப்பக்கமும் இதே உயரத்தில் இதே மாதிரிக் கைப்பிடிச்சுவர். ஆக, குலுங்கும்போது வாசலுக்கு ஓடுகிறவர் இரண்டு கட்டடங்களின் கைப்பிடிச்சுவர்களுக்கும் அடியில் போய் நிற்பார்.

விரிசல்களைப் பற்றி எல்லா வீடுகளிலும் கேட்டார்கள். பூச்சில் மயிரிழைபோல் படரும் கீறல்கள் அச்சத்துக்குரியவை அல்ல என்றும், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிச் செங்கல்லையே பிளப்பதும், நாளுக்கு நாள் அகலமாவதும், கதவு சன்னல்களைத் திடீரென்று இறுக்கச் செய்வதும்தான் எச்சரிக்கை என்றும் சொல்லி, ஐயமுள்ள மூன்று இடங்களில் விரிசலுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கலவையில் சிறு பட்டையிட்டுத் தேதி எழுதிவைத்தேன். பட்டை வெடித்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். இந்தப் பகுதி மக்களுக்கு விரிசலின் மொழி புதிதன்று. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், 1993இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி தரைமட்டமானது. விரிசலைக் கண்ட குடியிருப்போர் அதற்குச் சற்று முன்பே வெளியேறிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று நிலம் நடுங்கவில்லை. சுவர் பேசியதைக் கேட்டு, கதவைத் தட்டி, ஒருவரை ஒருவர் இறக்கிவிட்டார்கள். நான் பட்டியல்களோடு போய்க் கற்பிக்க நினைத்ததை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்துகாட்டியிருந்தார்கள்.

வீட்டுக்குள்

பெரும்பாலான வீடுகள் பத்துக்குப் பத்து அறை ஒன்றும் சமையலறையும் கொண்டவை. பகலில் கூடமாக இருப்பதே இரவில் நான்கைந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் இடம். அந்த அறையில் ஓர் இரும்பு பீரோ, அதன்மேல் பெட்டிகள், அதற்கும் மேலே பரண், பரணில் சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டாக்கள். கட்டடம் நிற்கலாம், ஆயினும் துணிமணியோடு நூறு கிலோவைத் தாண்டும் பீரோ தூங்குகிறவர்களின்மேல் சாய்ந்தால் முடிவு ஒன்றுதான். ஆகவே நான் முதலில் கேட்டது, யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறீர்கள் என்பது. இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒருவர், "இன்னா சார், பூமி ஆடப்போவுதுன்னு பீரோவ நவுத்தச் சொல்றீங்க, பொண்ணு கல்யாணத்துக்கே அத நவுத்தல" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே நகர்த்திவிட்டு வந்து சொன்னார். மகள் படுக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாராம்.

பீரோவைச் சுவரோடு எல் வடிவ இரும்புத் துண்டால் திருகிப் பிணைப்பது எளிய வேலை. அதைச் செய்யவிடாமல் தடுத்தது அட்வான்ஸ். சுவரில் துளையிட்டால் வீட்டைக் காலி செய்யும்போது உரிமையாளர் பிடித்துக்கொள்வார் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது, அது வீண் அச்சமும் அன்று. எந்த அரசு வழிகாட்டியிலும் இந்தத் தடையைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை. எனவே துளையில்லாத வழிகளைத் தேடினோம்: பீரோவைப் படுக்கும் இடத்திலிருந்து விலக்கிச் சமையலறைச் சுவரோரம் வைத்தல், உச்சியிலிருந்த பெட்டிகளை இறக்குதல், முன்கால்களின் அடியில் மெல்லிய மரச்சிம்பு செருகிப் பின்னோக்கிச் சற்றே சாய்த்தல், சன்னல் கம்பி அருகில் இருந்தால் மேற்புறத்தை நைலான் கயிற்றால் அதனோடு கட்டுதல். திருகு ஆணிக்கு இவை ஈடல்ல. ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட மேல் என்று மட்டும் சொன்னேன். பரணின் விளிம்பில் ஒரு ரீப்பர் கட்டையை அடித்துப் பாத்திரங்கள் உருண்டு விழாமல் தடுத்தோம்; பரணுக்கு ஏற்கெனவே மரச்சட்டம் இருந்ததால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

குலுங்கும்போது எங்கே ஒதுங்குவது என்பதில் நீண்ட விவாதம். வாசற்படிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். தேக்கு நிலையும் கனத்த சுவரும் கொண்ட பழைய வீடுகளைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை அது. இங்குள்ள மெல்லிய நிலைச்சட்டத்துக்கு அந்த வலு கிடையாது, ஆடும் கதவு விரலையும் முகத்தையும் நசுக்கும். கட்டில் உள்ள வீட்டில் அதன் அடியில் புகலாம். மற்ற வீடுகளில், பீரோ, பரண், சன்னல், மின்விசிறி ஆகியவற்றிலிருந்து விலகிய உட்சுவரோர மூலை ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் தேர்ந்து, அங்கே குனிந்து உட்கார்ந்து தலையையும் கழுத்தையும் தலையணையால் மூடிக்கொள்வது என்று முடிவு செய்தோம். தரைத்தளத்துப் பட்டறைக்காரர்கள் மட்டும், சந்தின் முனை இரண்டு எட்டில் இருப்பதால், முதல் அசைவிலேயே பெருந்தெருவுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன்.

தண்ணீரைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. மூன்று நாளைக்குக் குடிநீர் சேமியுங்கள் என்று நகரத்தின் மற்ற பகுதிகளில் கெஞ்ச வேண்டியிருக்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியதைக் கண்டவர்களின் வீட்டில் மூடியிட்ட டிரம்மும் ஏழெட்டுக் குடங்களும் எப்போதும் நிறைந்திருக்கும். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவைக்கும் பழக்கமும் 2015 வெள்ளத்துக்குப் பின் பரவலாகிவிட்டது. குறைவாக இருந்தவை இரண்டே: மெழுகுவர்த்திக்குப் பதிலாக டார்ச் விளக்கு, செருப்பு. கண்ணாடி சிதறிய தரையில் இருட்டில் வெறுங்காலோடு ஓடுவதால் காயம்பட்டோர் ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் உண்டு, எனவே படுக்கைக்கு அருகே செருப்பு இருக்க வேண்டும் என்றேன். சாமி படம் இருக்கும் அறையில் செருப்பா என்று ஒரே குரலில் மறுத்தார்கள். புதிய ரப்பர் செருப்பு ஒரு சோடியை, ஒருமுறையும் காலில் போடாமல், பையில் கட்டித் தொங்கவிடுவது என்று கடைசியில் ஒரு பாட்டி தீர்ப்புச் சொன்னார். போடாத செருப்புக்குத் தீட்டில்லை.

எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை அணைக்கும் பழக்கம் பெண்களுக்கு உண்டு, வீட்டு ஆண்களில் பாதிப் பேருக்கு அதைத் திருப்பும் திசை தெரியவில்லை. ஒவ்வொருவரையும் அணைத்துக்காட்டச் சொன்னோம். வாடை வந்தால் மின்விசையைத் தொடக் கூடாது, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி 1906 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

படிக்கட்டு

படிக்கட்டின் அகலம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. முதல் திருப்பத்தில் மாற்று உருளைகள் இரண்டு, இரண்டாம் திருப்பத்தில் பழைய தையல் இயந்திரம், எல்லாப் படிகளிலும் செருப்புகள், கீழ்ப்படிக்கு அடியில் பட்டறையின் எண்ணெய் டின்கள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. பையன்கள் மாஞ்சாக் காத்தாடி விடுகிறார்கள், இரவில் குடிக்கிறார்கள் என்று உரிமையாளர் பூட்டிச் சாவியைத் தம்மோடு கொளத்தூருக்குக் கொண்டுபோயிருந்தார். கீழே கிரில் கேட் இரவு பத்தரைக்குப் பூட்டப்படும். சாவி தரைத்தளத்து ஒரு வீட்டில். இந்த ஆய்வில் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் இடம் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை மட்டும் எழுதியிருப்பேன்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிறு மாலையில் நடந்தது. விசில் ஊதினால் நடுக்கம் தொடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. விசில் கேட்டதும் எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். முழங்கால் வலியுள்ள ஆயா இரண்டாம் திருப்பத்தில் தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடியே அடைபட்டு நின்றது. உள்ளபடியே குலுங்கியிருந்தால் அத்தனை பேரும் இரண்டு டன் தண்ணீருக்கு நேர் கீழே நின்றிருப்பார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அருகில் மையம் கொள்ளும் மிதமான நடுக்கம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாம் மாடியிலிருந்து அதற்குள் யாராலும் இறங்க முடியாது என்பதை அவர்களே கண்டார்கள்.

இரண்டாம் ஒத்திகைக்கு முறை மாறியது. முதல் விசிலுக்கு அவரவர் மூலையில் உட்கார்ந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள சிறு பிள்ளை கண்ணாமூச்சி ஆட்டத்தில் எண்ணுவதுபோல் உரக்க அறுபது வரை எண்ணும். எண்ணி முடித்து, இரண்டாம் விசில் கேட்ட பிறகு, ரெகுலேட்டரை அணைத்து, செருப்பைப் போட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் கீழ்மாடியிலிருந்து வரிசையாக இறங்க வேண்டும். எண்ணும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என் யோசனை இல்லை, ஒரு தாயுடையது. பயந்த பிள்ளைக்கு வேலை கொடுத்தால் அது அழாது என்றார். ஆயாவை இறக்க, துறைமுகத்தில் சுமை ஏற்றும் இளைஞர்கள் இருவர் பொறுப்பேற்றார்கள். இருவரில் ஒருவர் இரவுப்பணியில் இருந்தால் யார் என்பதற்கும் மாற்று ஆள் உண்டு. மூன்றாம் ஒத்திகையை இரவில் மின்சாரத்தை அணைத்துவிட்டு நடத்தினோம். முதல் முறை ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, ஆனால் கடைசியில் அனைவரும் பூட்டிய கிரில் கேட்டுக்கு முன்னால் நின்றோம். சாவி வைத்திருந்த வீட்டார் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். மறுவாரமே பூட்டு போய், உள்ளிருந்து கையால் திறக்கும் தாழ்ப்பாள் வந்தது.

எந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள், யார் இரவுப்பணிக்குப் போகிறார்கள், யாருக்கு இன்சுலின், யார் கருவுற்றிருக்கிறார் என்ற விவரங்கள் ஒரு நோட்டில் எழுதப்பட்டன. இடிபாட்டில் தேடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் இல்லை. சுவரில் ஒட்டலாம், வாட்ஸ்அப்பில் போடலாம் என்றனர் இளைஞர்கள். தனியே வசிக்கும் ஒரு பெண் உடனே எழுந்து, நான் தனியாய் இருப்பதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது சரி. நோட்டு ஒன்றே ஒன்றாகக் குழுத் தலைவியிடம் இருக்கிறது, அதன் நகல் எதிர்க்கட்டடத்து ஒரு பெரியம்மாவிடம் இருக்கிறது. இந்தக் கட்டடமே சரிந்தால் நோட்டும் உள்ளே போய்விடும் அல்லவா.

1995 ஜனவரி நிலநடுக்கத்தின்போது ஜப்பானின் கோபே நகரில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட சுமார் 35,000 பேரில் ஏறத்தாழ 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அணி அரக்கோணத்தில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டையும் கண்டெய்னர் லாரிகளையும் தாண்டி அது வந்து சேரும்வரை கைகொடுக்க வேண்டியவர்கள் இந்தச் சந்துக்காரர்கள். அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. பட்டறையில் ஜாக்கிகள் இரண்டு, எதிர்வீட்டு வெல்டரிடம் வெட்டுக்கருவி, சந்து முனைக் கொத்தனாரிடம் கடப்பாரைகள், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களிடம் வடக்கயிறு. நான்கு வீட்டிலும் சொல்லிவைத்தோம், அவ்வளவே. புதிதாக வாங்கியது மூன்று விசில்கள்.

சந்துக்கு வெளியே

கூடும் இடமாக முதலில் அருகிலிருந்த பள்ளி மைதானத்தைக் குறித்தோம். இரவில் அதன் கதவும் பூட்டியிருக்கும் என்பதால், மின்மாற்றி இல்லாத பக்கமாகப் பெருந்தெருவின் அகலமான ஓரிடத்தைத் தேர்ந்தோம். நிறைவான இடமன்று, இருக்கிற இடம். அழைக்க வேண்டிய எண்களாக 112, 108, 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகியவற்றைக் கதவுக்குப் பின்னால் எழுதிவைத்தார்கள். நடுக்கத்துக்குப் பின் கைப்பேசி இணைப்புகள் திணறும் என்பதால், எல்லோரும் எல்லோரையும் அழைக்காமல், சொந்த ஊரிலுள்ள ஓர் உறவினருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்று வீட்டுக்கு ஒருவரைக் குறித்துக்கொண்டார்கள்.

கடல் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் அலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா கடலடியில் நிலம் நடுங்கியதற்கும் சென்னைக் கரையை அலை தாக்கியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. காலையில் கட்டில் இலேசாக ஆடியதை உணர்ந்தவர்கள்கூட அதைக் கடலோடு சேர்த்து எண்ணவில்லை. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரும் என்ற தவறான எச்சரிக்கையால் கடற்கரை ஊர்கள் எல்லாம் ஓடின. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, ஆகவே அந்த இருட்டு இன்று இல்லை. 2012இல் நடுக்கம் பெரிதாக இருந்தும் பேரலை எழவில்லை. கடலடிப் பாறைத் தட்டின் பகுதிகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன, கடல்தரை மேலெழவில்லை. இந்த வேறுபாட்டை நம்மால் கரையில் நின்று அறிய முடியாது. எனவே கரையில் இருக்கையில் வலுவான அல்லது நீண்ட நடுக்கத்தை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேற்கே நடக்க வேண்டும், எச்சரிக்கையை அதிகாரப்பூர்வமாக விலக்கிய பின்னரே திரும்ப வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டோம். எங்கிருந்தோ வந்த குரல்பதிவை நம்பி ஓடக் கூடாது என்பதும் அதன் மறுபாதி.

வடக்கே மணலியும் எண்ணூரும் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனது நிலநடுக்கம் இல்லாத நாளில் நடந்தது. மூக்கைக் குத்தும் வாடை வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். இதற்கு மேல் ஒரு குடியிருப்பால் செய்யக்கூடியது குறைவு. எஞ்சியதெல்லாம் ஆலைகளும் அரசும் செய்ய வேண்டியவை.

நிலுவை

ஆறாம் மாத முடிவில் படிக்கட்டு காலியாக இருந்தது. தையல் இயந்திரம் விற்கப்பட்டுவிட்டது. மாற்று உருளைகள் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டன. மொட்டைமாடிச் சாவியின் நகல்கள் மூன்று மாடிகளிலும் ஒவ்வொரு வீட்டில் உள்ளன. அதற்காகக் குழுவினர் உரிமையாளரிடம் இரண்டு முறை நடந்தார்கள், இரண்டாம் முறை தீயணைப்பைக் காரணம் காட்டியபோதுதான் அவர் இசைந்தார். கைப்பிடிச்சுவர்மேல் இருந்த செடித் தொட்டிகள் இறக்கப்பட்டன. சுண்ணாம்புப் பட்டைகளில் இரண்டு அப்படியே இருக்கின்றன, மூன்றாவதில் சில மழைக்குப் பின் மெல்லிய கீறல் தெரிகிறது; அதன்மேல் புதிய தேதியோடு இன்னொரு பட்டை இட்டிருக்கிறேன்.

பெரிய வேலைகள் நடக்கவில்லை. முன்பக்கத்தில் இரண்டு இடைவெளிகளிலாவது மறுபடி சுவர் எழுப்பிப் பழைய சுவரோடு முறையாகப் பிணைக்க வேண்டும், அல்லது எஃகுச் சட்டம் கொடுக்க வேண்டும், அதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். பட்டறை வாடகை நின்றுபோகும் என்பதால் உரிமையாளர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொட்டிகளைப் படிக்கட்டின் தலையிலிருந்து சுமைச்சுவருக்கு மேலாக மாற்றும் பேச்சு மட்டும் சற்று முன்னேறியிருக்கிறது. குழாய் வேலைக்கும் கொத்தனார் கூலிக்கும் பாதிப் பணத்தைக் குழு தருவதாகச் சொன்னது. மீதிப் பாதிக்கு உரிமையாளர் தை பிறக்கட்டும் என்றிருக்கிறார். அதுவரை தொட்டிகளைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை என்று மோட்டார் போடும் பெண்கள் தங்களுக்குள் முடிவு செய்து, பாதி உயரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.